நாற்காலிக்குப் போகும் வழி

அவிநாசியில் படிப்பு வட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்ணா, நம்மாளு ஒருத்தரு எப்பங்ணா பிரதமராவாரு?" கூட நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரிக்கிற கேள்வியா அது? ஆனால் 'எப்போது' என்று கேட்பதற்கு முன்னால் 'எந்த வழியாக' என்று கேட்க வேண்டும் தோழர்களே.

பிரதமரை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாம் ஓட்டுப் போடுவது எம்.பி.க்கு. அரசியல் சட்டத்தின் 75ஆவது பிரிவு, பிரதமரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்கிறது. யாரை, எதை வைத்து, யாரைக் கேட்டு? ஒரு வரி கிடையாது. மந்திரிசபை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பு என்பதால், பெரும்பான்மை உள்ளவரைக் கூப்பிடுவது மரபாம். மரபு! டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தவனும் மரபு என்றுதான் சொன்னான்.

பதவி லேசுப்பட்டதல்ல. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அண்ணல் அம்பேத்கர், மந்திரிசபை என்கிற வளைவைத் தாங்கும் தலைக்கல் பிரதமர் என்றே விளக்கினார். மந்திரியை வைப்பதும் எடுப்பதும் அவர் கையில் இருந்தால்தான் கூட்டுப் பொறுப்பு நடக்கும் என்பது அவர் வாதம். அந்தக் கல் எத்தனை கனம் என்று 1975 ஜூன் 25 இரவு தெரிந்தது. மந்திரிசபையைக் கேட்காமலே இந்திரா காந்தி அவசரநிலைக்குக் கையெழுத்து வாங்கினார். மந்திரிகளைக் கூட்டிச் சொன்னது மறுநாள் காலையில்தான்.

இந்த நாற்காலிக்கு மிக அருகில் போன தலித், பாபு ஜெகஜீவன்ராம். 1946 இடைக்கால அரசிலேயே மந்திரி. 1971 போரின்போது பாதுகாப்பு மந்திரி. 1977 பிப்ரவரியில் அவர் காங்கிரசை விட்டு வெளியே வந்ததும் டெல்லியே ஆடிப்போனது. ஜனதா ஜெயித்தது. பிரதமர் யார் என்று எம்.பி.க்கள் ஓட்டுப் போடவில்லை. முடிவை ஜெயப்பிரகாஷ் நாராயணிடமும் கிருபளானியிடமும் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் கிடந்த சரண்சிங், மொரார்ஜிக்கு ஆதரவாகக் கடிதம் அனுப்பினார். மொரார்ஜி பிரதமரானார்.

'சாதியெல்லாம் இல்லைங்க, அவசரநிலைத் தீர்மானத்தை மக்களவையில் முன்மொழிந்தவர் அவர்தானே' என்றார்கள். முன்மொழிந்தார். அதை நாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1979 ஜூலையில் என்ன நடந்தது? மொரார்ஜி விழுந்ததும் அதே சரண்சிங், அவசரநிலையைக் கொண்டுவந்த அதே இந்திராவின் ஆதரவில் பிரதமரானார். தீர்மானத்தை முன்மொழிந்தவர் தீட்டு. அவசரநிலையையே கொண்டுவந்தவர் தீட்டில்லையா? தீட்டு என்று சும்மா சொல்லவில்லை. 1978இல் காசியில் ஜெகஜீவன்ராம் திறந்து வைத்த சம்பூர்ணானந்த் சிலையைக் கங்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். அப்போது அவர் நாட்டின் பாதுகாப்பு மந்திரி!

இந்திரா ஆதரவை விலக்கியதும், மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காமல் 1979 ஆகஸ்ட் 20இல் சரண்சிங் ராஜினாமா செய்தார். அப்போது ஜனதாவின் தலைவர் ஜெகஜீவன்ராம். ஆட்சி அமைக்க வாய்ப்புக் கேட்டார். சபையில் பலத்தைக் காட்டு என்று சொல்லியிருக்கலாம். குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி ஆகஸ்ட் 22இல் சபையையே கலைத்துவிட்டார். அவரிடம் பெரும்பான்மை இருந்ததா, இல்லையா? எண்ணவே இல்லை. அந்த எண்ணாமையைத்தான் நாம் குற்றம் என்கிறோம்.

அதே 75ஆவது பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி நடந்தவரும் உண்டு. 1996இல் சங்கர் தயாள் சர்மா, தனிப்பெரும் கட்சி என்று வாஜ்பாயைக் கூப்பிட்டார். ஆட்சி 13 நாளில் முடிந்தது. 1998இல் குடியரசுத் தலைவராக இருந்தவர், உழவூரில் ஓலைக் குடிசையில் பிறந்த கே.ஆர். நாராயணன். ஆதரவுக் கட்சிகளின் கடிதம் எங்கே என்று அவர் கேட்டார். அ.தி.மு.க.வின் கடிதம் போய்ச் சேரும்வரை டெல்லி காத்துக் கிடந்தது. பத்து நாளில் சபையில் பலத்தை நிரூபிக்கச் சொன்னார். ஏன் நியமித்தேன் என்று ஊரறிய அறிக்கையும் விட்டார். நான் வேலை பார்க்கிற வங்கியில் மாட்டுக் கடனுக்கு வருகிறவரிடமே ஜாமீன்தார் கையெழுத்து எங்கே என்று கேட்கிறோம். நாட்டையே ஒப்படைக்கிறபோது கேட்க வேண்டாமா? 1999 ஏப்ரலில் வாஜ்பாய் ஆட்சி ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. அது சபையில் எண்ணித் தெரிந்த தோல்வி.

டெல்லிக் கதை நமக்கெதற்கு என்கிற தோழர்கள் நம்ம ஊரைப் பாருங்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றது அந்த நாற்காலிக்காகத்தான். 2020இல் நம் கோவை மாவட்டத்திலேயே, தலைவர் நாற்காலியில் உட்கார விடவில்லை என்று ஒரு தலித் ஊராட்சித் தலைவி போலீசில் புகார் கொடுத்தார். இடஒதுக்கீடு நம்மை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறது. அதற்கு அப்பால் அவர்கள் ராஜ்யம். அவிநாசிக்காரர்கள் 2009 முதல் ஓட்டுப் போடுவது நீலகிரித் தனித்தொகுதிக்கு. 543இல் 84 இடம் நமக்கு. பூனா ஒப்பந்தத்தின் வழியில் எல்லோர் ஓட்டையும் வாங்கி உள்ளே போகிற அந்த 84 பேரையும், 1985இன் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொறடாவின் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிறது. தலைவர் யார் என்று உள்ளறையில் முடிவாகிறபோது இவர்கள் வெளியே காத்திருக்கிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கை இரண்டு. ஒன்று, எந்தக் கட்சியானாலும் நாடாளுமன்றக் கட்சித் தலைவரை எம்.பி.க்கள் ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும். நடக்காத காரியமில்லை. காமராசர் காங்கிரஸ் தலைவராக இருந்த 1966 ஜனவரியில் இந்திராவுக்கு 355, மொரார்ஜிக்கு 169 என்று எண்ணித்தான் முடிவு செய்தார்கள். இரண்டு, பதவி ஏற்பதற்கு முன்பே மக்களவை ஓட்டெடுப்பு நடத்திப் பிரதமரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்ட பிறகுதான் நியமனம்.

இதனால் நாளைக்கே நம்மாளு பிரதமராகிவிடுவார் என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளறையில் பேசி வைக்கப்படுகிற தலித் பிரதமர், அந்த அறைக்குத்தான் கடன்பட்டிருப்பார், வளவுக்கு அல்ல. தம்பி, அடுத்த கூட்டத்துக்கு அரசியல் சட்டப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். 75ஆவது பிரிவைச் சத்தமாகப் படிப்போம். அங்கே எழுதாமல் விட்ட வரியை என்னவென்று எழுதலாம், உட்கார்ந்து பேசுவோம்.

- ஆசிரியர்