மருத்துவர் குறித்த தேதியில் குழந்தை பிறக்குமா?

ஓசூர் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகாலத் தேதி என்பது வீட்டுச் செய்தி மட்டுமன்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. எதிர்பார்க்கும் நாளுக்கு முன்னர் அதில் 8 வாரமே எடுக்கலாம். அந்த நாள் பிசகினால் விடுப்பும் பிசகும்.

நாளைக் கணிப்பது எப்படி? ஜெர்மன் மருத்துவர் நேகெலேயின் பெயரால் வழங்கும் விதி எளியது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளுடன் 7 நாள் கூட்டி, 3 மாதம் பின்னே செல்லுங்கள். ஜூன் 10 என்றால் அடுத்த மார்ச் 17. மொத்தம் 280 நாள். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை வருகிறது, 14-ஆம் நாள் கருமுட்டை வெளிப்படுகிறது என்ற எண்ணத்தில் எழுந்த விதி இது. 35 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவருக்குக் கணக்கு ஒரு வாரம் தள்ளும்.

தொடங்கிய நாளே நினைவில்லை என்றால்? "கார்த்திகை பிறந்த அன்று" என்பார்கள். எந்தக் கார்த்திகை? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வாழும் எல்லைப்பகுதி இது. தமிழர் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. மற்ற இருவர் மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. 2024-இல் அவர்கள் கார்த்திகம் நவம்பர் 2-இலும், நம் கார்த்திகை நவம்பர் 16-இலும் பிறந்தன. பதினான்கு நாள் வேறுபாடு! காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைப்பது எத்தனையோ மேல்.

ஸ்கேன் இருக்கிறதே என்பீர்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்தால் பிழை ஒரு வாரத்துக்குள் அடங்கும். அப்போது எல்லாக் கருக்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வளர்கின்றன. கடைசி மூன்று மாதத்தில் எடுத்தால் மூன்று வாரம் வரைகூடத் தவறலாம். உடல் சிறுத்த குழந்தையை வயது குறைந்தது என்று கருதிவிட நேரும். மேனாட்டுக் குழந்தைகளின் அளவை வைத்து எழுந்த சூத்திரங்கள் இக்குறையைக் கூட்டுகின்றன. இதற்காகவே சென்னை ஐ.ஐ.டி.யும் பரீதாபாத்தின் உயிர்மருத்துவ ஆய்வு நிறுவனமும் இந்தியத் தாய்மாரின் அளவுகளைக் கொண்டு 'கர்ப்பிணி-ஜிஏ2' என்னும் கணக்கை வகுத்து 2024-இல் வெளியிட்டன. வரவேற்க வேண்டிய முயற்சி.

ஆயினும் மிகச் சரியாகக் கணித்தாலும், குறித்த நாளிலேயே பிறப்பவை நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்துதான். எனவே அட்டையில் ஒற்றைத் தேதியோடு நிறுத்தாமல், 'பிப்ரவரி 24-க்கும் மார்ச் 31-க்கும் இடையில்' என்று எழுதுவதே சரி என்பது என் கருத்து. முன் சொன்ன ஜூன் 10-க்கு 37 வாரமும் 42 வாரமும் நிறையும் நாள்கள் அவை.