ஆடு தீனி எடுக்கலைன்னா "காலையில பார்ப்போம்"னு சொல்லாதீங்க!



நம்ம பள்ளியில பாதிப் பேர் வீட்டுல ஆடு இருக்கு. அதனால இந்தக் கட்டுரை எல்லாருக்கும் உபயோகப்படும் என்று எழுதுகிறேன். கடைசியில நம்மளைப் பத்தியே கொஞ்சம் குறை சொல்லியிருக்கேன். முழுசா படிச்சுட்டு அப்புறம் என் மேல கோபப்படுங்க.

எங்க வீட்டுல செம்பி என்று ஒரு வெள்ளாடு இருந்தது. (வெள்ளாடுன்னா வெள்ளையா இருக்கும்னு டவுன்ல இருக்கிற என் சித்தி பையன் நினைச்சுக்கிட்டு இருந்தான். செம்பி செவலை நிறம்.) அதோட தாய் பால் கொடுக்காததால் நான்தான் நிப்பிள் பாட்டிலில் பசும்பால் ஊற்றி வளர்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருமுனைக்கே வந்து என் பையை மோந்து பார்க்கும். செம்பி போடுகிற குட்டிகளை விற்றுத்தான் என்னை டவுன்ல பிளஸ் ஒன் சேர்க்கப்போறதா அப்பா சொல்லுவார்.

போன வருஷம் ஆடி மாதம் கோயிலில் அன்னதானம் நடந்தது. மிஞ்சின சோற்றைப் பின்பக்கம் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். செம்பி கயிற்றை அறுத்துக்கிட்டுப் போய் வயிறு முட்டத் தின்னுட்டு வந்திருக்கு. அது எங்களுக்கு அப்போ தெரியாது. சாயந்திரம் அகத்திக்கீரை நீட்டினேன். எப்பவும் கையோட பிடுங்கும், அன்னிக்கு முகத்தைத் திருப்பிக்கிச்சு. மூலையில தலையைத் தொங்கப்போட்டு நின்னு பல்லை நறநறன்னு கடிச்சது. அசை போடவே இல்லை.

ஆயா "கண்ணு பட்டிருக்கு"ன்னு உப்பு மிளகாய் சுத்திப் போட்டாங்க. பக்கத்து வீட்டு மாமா வாயை அண்ணாந்து பிடிச்சு சுக்குக் கஷாயம் ஊத்தினார். அப்பா "காலையில பார்ப்போம்"னு சொன்னார். எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. நானும் சரின்னு படிச்சுட்டுத் தூங்கிட்டேன்.

விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் படுத்துக் கிடந்தது. இடது பக்க வயிறு மேளம் மாதிரி உப்பியிருந்தது. புளிச்ச நாத்தத்தோட தண்ணியா கழிஞ்சிருந்தது. கால்நடை மருந்தகம் திறக்கிற வரைக்கும் அதுக்கு உயிர் தாங்கலை. வாசலிலேயே, அப்பா மடியில் போயிடுச்சு. சினையாக வேற இருந்தது.

அன்னிக்கு டாக்டரம்மா சொன்னதை நான் வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டுப் பின்பக்கம் எழுதி வச்சேன். ஆட்டுக்கு வயிறு நாலு அறை. முதல் பெரிய அறை இடது பக்கம் இருக்கு. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருந்து புல்லையும் தழையையும் செரிக்க வைக்குது. திடீர்னு நிறைய சோறோ, தவிடோ, தானியமோ போய் விழுந்தால் அங்கே அமிலம் ரொம்ப அதிகமாகி, அந்த நுண்ணுயிர்களே செத்துடும். வயிறு அசையாமல் நின்னுடும். அந்த அமிலம் ரத்தத்திலும் கலந்துடும். ஒரே நாள்ல கூட ஆடு செத்துப்போகலாம். முதல் நாள் சாயந்திரமே வந்திருந்தால் காப்பாத்தியிருக்க முடியும்னு அவங்க சொன்னப்போ அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எனக்கு அப்பாவைப் பார்க்கவே பாவமா இருந்தது.

அதனால என் கருத்து இதுதான். ஆடு ஒரு வேளை தீனி எடுக்கலைன்னாலே வேலையை ஆரம்பிச்சுடணும். முதல்ல, என்ன தின்னுச்சுன்னு நாலு வீட்டுல போய் விசாரிக்கணும். இதைத்தான் நாங்க செய்யலை. அப்புறம் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால இருக்கிற பள்ளத்துல கையை மூடி அழுத்தி வச்சுப் பாருங்க. நல்லா இருக்கிற ஆட்டுக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உள்ளே உருண்டு வந்து கையைத் தள்ளும். தள்ளலைன்னா வயிறு நின்னுடுச்சுன்னு அர்த்தம். புழுக்கை போட்டிருக்கா, தண்ணியா போகுதா, அசை போடுதா என்று பாருங்க. சோறு, தவிடு எதையும் கிட்டே வைக்காதீங்க, காய்ஞ்ச புல் மட்டும் வைக்கலாம். அண்ணாந்து பிடிச்சு எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். (மாமா இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) எல்லாத்துக்கும் சோறுதான் காரணம்னும் இல்லை. காய்ச்சல் அடிச்சு மூக்கு ஒழுகி வாயில புண் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். உடனே மற்ற ஆடுகளை விட்டுத் தனியாகக் கட்டணும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்து இருந்தால் குடற்புழுவாக இருக்கலாம். எதுவானாலும் டாக்டர்கிட்ட சொல்லணும். மருந்தகம் பூட்டியிருந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் பண்ணிக் கேளுங்க.

இந்த வருஷம் மாட்டுப்பொங்கல் அன்னிக்கு எங்க மல்லிக்கும் இப்படி ஆச்சு. தெருவுல ஆளாளுக்குப் பொங்கல் ஊட்டியிருக்காங்க. ராத்திரி ஏழு மணிக்கு வயித்துல கை வச்சுப் பார்த்தேன், அசைவே இல்லை. மருந்தகச் சுவரில் எழுதியிருந்த நம்பரை முன்னாடியே குறிச்சு வச்சிருந்தேன். லீவு நாள்தான், ஆனாலும் டாக்டரம்மா போனை எடுத்தாங்க. சமையல் சோடா எவ்வளவு, எப்படிக் கரைச்சுக் கொடுக்கணும்னு மல்லியோட எடையைக் கேட்டுச் சொன்னாங்க. காலையில் வந்து ஊசியும் போட்டாங்க. ரெண்டாம் நாள் தானாகப் போய் வேப்பிலையைக் கடிச்சது. அப்பா ஒண்ணும் பேசலை, எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போ கோபம் வரப்போகிற விஷயம். மதியம் சத்துணவு சாப்பிட்டதும் நாம எல்லாரும் மிச்சத்தை எங்கே கொட்டுறோம்? வேலி ஓரம் நிக்கிற ஆடுகளுக்குத்தானே. என் தோழிகிட்ட சொன்னேன். "சோறு வீணாப் போறதுக்கு ஆடு திங்கட்டுமே, ஒரு கைப்பிடிதானே"ன்னு சொன்னாள். வீணாகக் கூடாது என்பது சரிதான். ஆனால் ஒரு கைப்பிடி என்று நாற்பது பேர் போட்டால் நாற்பது கைப்பிடி. முதல்ல வந்து நிக்கிற ஒரே ஆடு அதைத் தின்னுட்டுப் போகுது. அந்த ஆடு ராத்திரி யார் வீட்டுல தீனி எடுக்காமல் நிக்கும்னு நமக்குத் தெரியாது. அந்த வீட்டுக்காரங்களுக்கும் காரணம் தெரியாது, கண்ணு பட்டிருக்குன்னு உப்பு மிளகாய் சுத்துவாங்க.

சோறு வாங்கும்போதே கொஞ்சமா வாங்கலாம். பத்தலைன்னா மறுபடி கேட்டால் ஆயாம்மா போடுவாங்க, திட்ட மாட்டாங்க. அதுக்கும் மிஞ்சினால் தோட்டத்து உரக்குழி இருக்கு. ஆட்டுக்கு ஏதாவது கொடுக்கணும்னு ஆசையா இருந்தால் கைகழுவுற குழாய்ப் பக்கம் வேப்பமரம் நிக்குது, ஒரு கொத்து ஒடிச்சுப் போடுங்க. காது கறுப்பா, கழுத்துல சிவப்புக் கயிறு கட்டியிருந்தால் அது எங்க மல்லி. இலையை வாங்கிட்டும் உங்க பையை மோந்து பார்க்கும், பயப்படாதீங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி