வலியைச் சொல்லவும் மொழி வேண்டும்

தொழிலாளத் தோழர்களே,

இதை நெல்லியடியிலிருந்து எழுதுகிறோம். எங்கள் தோட்டத்து மூத்த தொழிலாளி ஒருவரைப் பார்க்கப் பாடசாலை விடுமுறையில் வந்தோம். முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர். புற்றுநோய் முற்றிவிட்டது. இங்கே கடைத்தெருவில் வேலை செய்யும் மகன், இரண்டு மாதத்துக்கு முன் தன் வாடகை அறைக்கு அவரை அழைத்து வந்தார்.

மலையகத்தில் அவர் கிடந்த ஆஸ்பத்திரி வார்டில் தமிழ் பேச ஆளில்லை. அந்த அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் ஒரே சொல்: "ரிதெனவா." வலிக்கிறது. எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, எதையும் சொல்ல வழியில்லை. கடுக்கிற வலிக்குக் கொடுக்கும் மருந்து நரம்பு எரிகிற வலிக்குப் போதாது. கேட்டறியாமல் எப்படி மருந்து கொடுப்பது?

கடைசியில் பேத்தியைக் கூப்பிட்டார்கள். ஒன்பதாம் தரத்தில் எங்களிடம் படிக்கும் பிள்ளை. பாடசாலையில் கற்ற கொஞ்சம் சிங்களத்தை வைத்துக்கொண்டு, இனிக் குணமாகாது என்பதை அப்பாயிக்கு அவள் சொல்ல வேண்டும். "நல்லாயிருச்சாம் அப்பாயி, வீட்டுக்குப் போகலாமாம்" என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை வேறென்ன சொல்லும்? வலி மருந்தை எத்தனை மணிக்கொரு தரம் கொடுப்பது என்பதும் அவளுக்கு விளங்கவில்லை. மூன்று வாரம் அந்த அம்மா கத்தியது லயம் முழுக்கக் கேட்டது.

இதைத் தலைவிதி என்று விடலாமா? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் இடத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில் அந்த உரிமைக்கு வெளியே கிடக்கிறதா?

மொழிபெயர்க்க ஆளில்லை என்பார்கள். உயர்தரம் படித்து, இரண்டு மொழியும் பேசி, கொழும்புக் கடைகளில் நிற்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இங்கே வடக்கில் தாதி, "எங்க நோகுது அம்மா?" என்று கேட்டார். அவர் "நோகுது" என்றதும் இவர் "வலிக்குது" என்றதும் ஒன்றுக்கொன்று புரிந்தது. சரியான மருந்து கிடைத்தது, இரவில் தூங்குகிறார். ஆனால் மொழி ஒன்றானால் போதாது. "தோட்டக்காட்டார்" என்ற சொல் வடக்கிலும் இன்னும் சாகவில்லை. மரியாதையும் மருந்தின் பாதி.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: 2008இல் கேரள அரசு நோவு தணிப்புச் சிகிச்சைக்கென்றே கொள்கை வகுத்தது. அங்கே அயலவர்களே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். இந்தச் சிகிச்சையைப் பொதுச் சுகாதார சேவையில் சேர்க்கும்படி 2014இல் உலக சுகாதாரப் பேரவை எல்லா நாடுகளையும் கேட்டது. இலங்கையும் அதில் ஓர் உறுப்பு நாடு.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். செத்தவர் வீட்டுக்கு மரண சகாய சங்கம் வைத்திருக்கிறோம். சாவதற்கு முன் வலியில் கிடக்கிறவருக்கு என்ன வைத்திருக்கிறோம்? சம்பளப் பேச்சுவார்த்தையில் ஒரு முறையாவது இதைப் பேசினோமா?

நம் கோரிக்கைகள் இவை:

தோட்டத் தொழிலாளர் போகும் ஒவ்வோர் அரச ஆஸ்பத்திரியிலும் இரவு பகலாகத் தமிழ் பேசும் உத்தியோகத்தர் வேண்டும்.

நோயட்டையும் மருந்துக் குறிப்பும் தமிழில் வேண்டும்.

எந்தப் பிள்ளையையும் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

வலி மருந்தும் அதைக் கொடுக்கப் பயிற்சி பெற்றவரும் தோட்ட மருந்துசாலை வரை வரவேண்டும்.

படுத்த படுக்கையானவரைப் பார்க்கும் தொழிலாளிக்குப் பேர் வெட்டாமல் லீவு வேண்டும்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். தீர்மானத்தை எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.

நாங்கள் புறப்படும்போது அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: "எப்ப டீச்சர் மலைக்குப் போறது? அவரு பக்கத்துலதானே என்னையும் வைக்கணும்." மருந்து வராத லயத்துக்கு எப்படி வாருங்கள் என்பது? பதில் சொல்லாமல் பஸ் ஏறினோம். அந்தப் பதிலைச் சங்கம் சொல்ல வேண்டும்.