பிளாக்கை அளக்காமல் என்ஜினை மாற்றாதீர்கள்

சிஜே-3பி ஜீப்பின் பானெட் அத்தனை உயரமாக இருப்பதற்குக் காரணம் அதன் என்ஜின்தான். போர்க்கால ஜீப்பில் இருந்த 'கோ டெவில்' என்ஜினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே இருந்தன. அடுத்து வந்த 'ஹரிகேன்' என்ஜினில் இன்டேக் வால்வை ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே நின்றது. போர், ஸ்ட்ரோக், 2.2 லிட்டர் கொள்ளளவு எதுவும் மாறாமலேயே 60 குதிரைத்திறன் 70ஐத் தாண்டியது. ஆனால் என்ஜினின் உயரம் கூடிவிட்டது. அதை மூடுவதற்காகவே 1953இல் வில்லிஸ் நிறுவனம் பானெட்டை உயர்த்தியது. அந்த முகத்தைத்தான் மஹிந்திரா பல பத்தாண்டுகள் நம் நாட்டில் தயாரித்தது. நீலகிரியிலும் வால்பாறையிலும் மூணாறிலும் இன்றும் நம் பட்டறைகளுக்கு வந்து நிற்பதும் அதே முகம்தான்.

இப்படி என்ஜினுக்காகவே உருவான வண்டியில், அந்த என்ஜினைத் திறந்துகூடப் பார்க்காமல் "டீசல் ஏற்றிவிடலாம்" என்று சொல்லும் வழக்கம் நம் தொழிலில் வேரூன்றிவிட்டது. ஆயில் குடிக்கிறது, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை: இந்த மூன்றையும் உரிமையாளர் சொல்லி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. இது நியாயமில்லை என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. பிளாக் நல்ல நிலையில் இருந்தால் பழைய என்ஜினை ஓவர்ஹால் செய்வதுதான் முதல் வழி. என்ஜின் மாற்றம் அதற்குப் பிறகுதான்.

பிளாக் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை நன்றாகக் கழுவிய பிறகு, முதலில் பார்க்க வேண்டிய இடம் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கும் சிலிண்டர் போருக்கும் நடுவே உள்ள குறுகிய பகுதி. ஹரிகேனில் வெப்பம் அதிகம் தாக்குவது அங்கேதான். விரிசல் விழுந்தால் பெரும்பாலும் அங்கே விழும். கரி படிந்திருக்கும்போது அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தால் தலைமுடி அளவுக் கோடும் சிவப்பாக எழும்பி வரும். அதன் பிறகு வாட்டர் ஜாக்கெட்டை அடைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் பிளாக் தேறிவிட்டால் மீதி எல்லாம் அளவு வேலை. போரின் மேல்விளிம்பில், ரிங் ஏறி நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே டயல் கேஜ் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து எழுதுங்கள். அதே அளவைப் போரின் அடிப்பகுதியிலும் எடுங்கள். தேய்மானம் எவ்வளவு, 20 சைஸ் போதுமா, 40 சைஸ் வரை போக வேண்டுமா, லைனர்தான் வழியா என்பதை அந்த எண்களே சொல்லிவிடும். க்ராங்கை எத்தனை சைஸ் கிரைண்டிங் செய்ய வேண்டும் என்பதும் இப்படித்தான் தெரியும். ஓவர்ஹால் ஆகாது என்று கைவிடப்படும் என்ஜின்களில் எத்தனையோ, ஒரு ரீபோரும் நல்ல வால்வ் வேலையும் கிடைத்தால் மீண்டும் ஓடக்கூடியவை.

டீசல் என்றாலே இழுவை கூடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். ஜீப்புகளில் பரவலாக ஏற்றப்பட்ட பெஜோ எக்ஸ்டிபி டீசல் 2,112 சிசி; 4,500 சுற்றில் 62 குதிரைத்திறன். ஹரிகேனின் ஸ்ட்ரோக் 111 மில்லிமீட்டர், அதன் போரோ 80 மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த நீண்ட ஸ்ட்ரோக்கினால் 2,000 சுற்றிலேயே அது முழு இழுவையைக் கொடுத்துவிடும். அந்த இழுவை எக்ஸ்டிபியின் இழுவையைவிட அதிகம். லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டால் என்ஜின் ஏறத்தாழ 37 முறை சுற்றும்போதுதான் சக்கரம் ஒருமுறை சுற்றும். இந்த விகிதத்தில் நல்ல நிலையிலுள்ள ஹரிகேன் ஏற முடியாத எஸ்டேட் பாதை அரிது. டீசலின் உண்மையான லாபம் எரிபொருள் செலவில்தான். தினமும் ஓடும் வண்டிக்கு அது பெரிய லாபம்; மாதம் இரண்டு முறை வெளியே எடுக்கும் வண்டிக்கு அந்த மிச்சம் மாற்றும் கூலிக்கே காணாது.

அந்தக் கூலியும் என்ஜினோடு நிற்பதில்லை. பெல் ஹவுசிங் பொருந்தாவிட்டால் அடாப்டர் பிளேட் வேண்டும். அதன் மையம் சிறிது விலகினாலும் கிளட்ச்சும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டும் சீக்கிரமே போய்விடும். முன் ஆக்ஸில் மேலே ஏறும்போது சம்ப்பில் இடிக்காத இடைவெளி வேண்டும். மவுண்டிங்கை இடம் மாற்றி சேஸிஸில் வெல்டிங் வைத்தால், சில மழைக்காலம் கழிந்தபின் அந்த இடத்திலேயே சேஸிஸ் விரிசல் விடும். இன்டேக் வேக்குவத்தில் ஓடிய பழைய வைப்பர், டீசல் ஏறிய அன்றே நின்றுவிடும். வேக்குவம் பம்ப்போ மின்சார வைப்பரோ தனியாகத் தேட வேண்டும். ஆக்ஸில் விகிதமும் உண்டு. 5.38 கிரவுன் பினியனோடு, மூவாயிரம் சுற்றுக்கு மேல் போகாத டிராக்டர் வம்ச டீசலை ஏற்றினால், 6.00-16 டயரில் நேர் டாப் கியரில் கிடைப்பது மணிக்குச் சுமார் 75 கிலோமீட்டர்தான். இதையெல்லாம் முதல் நாளே உரிமையாளரிடம் சொல்லும் பட்டறைகள் குறைவு. சொன்னால் பாதிப் பேர் ஓவர்ஹாலையே கேட்பார்கள்.

ஓவர்ஹாலுக்கும் இன்று சில புதிய கவலைகள் உண்டு. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸும் ஃப்யூயல் பம்ப் டயஃப்ரமும் அதைத் தாங்காது. கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்பப் பார்க்க வேண்டும். என்ஜினைப் புதிதாக்கிவிட்டு இவற்றைப் பழையபடியே விட்டால் மெலிந்த கலவையில் ஓடி எக்ஸாஸ்ட் வால்வ்தான் முதலில் கருகும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுப்படி, பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் இல்லாமல் என்ஜினை மாற்ற முடியாது. 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் வாகன விதிகளில், 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். நம் கைக்கு வரும் பழைய ஜீப்புகளில் பலவும் அந்த வயதை எட்டிவிட்டன. உரிமையாளருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம். அவர் வண்டிக்கு இருக்கும் அந்த வாய்ப்பை அவருக்குச் சொல்லாமலேயே நாம் பறித்துவிடக் கூடாது.

என்ஜின் மாற்றமே சரியான முடிவாகும் வண்டிகளும் உண்டு. போருக்கும் சீட்டுக்கும் நடுவே பிளாக் ஆழமாக வெடித்திருந்தால், முன்பே ஒருமுறை தைத்து வெல்டிங் வைத்த இடம் மீண்டும் விட்டிருந்தால், பிடிவாதம் வேண்டாம். மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஓட்டுநருக்கும், முறையான ஒப்புதல் கிடைக்குமானால், டீசல்தான் சோறு போடும். டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூ ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள் பல, வேறு என்ஜின் ஏற்றப்பட்டதால்தான் இன்றும் ஓடுகின்றன. அந்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. நாம் கேட்பது ஒன்றுதான்: அளந்து பார்த்த பிறகு அந்த முடிவுக்கு வாருங்கள், அளவுகளை ஜாப் கார்டில் எழுதி உரிமையாளர் கையெழுத்தை வாங்குங்கள்.

கழற்றிய என்ஜினைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடாதீர்கள். ஹரிகேனின் என்ஜின் எண் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் பிளாக்கின் முன்மேட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைச் சுத்தம் செய்து படமெடுத்து ஆர்சி நகலோடு வையுங்கள். சிலிண்டர்களில் ஆயில் ஊற்றிக் க்ராங்கை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, பிளக் துளைகளையும் மேனிஃபோல்டு வாய்களையும் அடையுங்கள். அடாப்டர் வேலைக்காகப் பழைய பெல் ஹவுசிங்கையோ சேஸிஸின் பழைய மவுண்டிங் காதுகளையோ வெட்டி எறியாதீர்கள். அவை இருந்தால், பின்னாளில் அதே பிளாக்கை லைனர் போட்டு ஏற்ற நினைக்கும் மெக்கானிக், போல்ட்டைக் கழற்றியே வேலையை முடித்துவிடலாம்.