முறைநாளுக்கு ஊதியம் வேண்டும்
பெற்றோர் கூட்டுறவு மழலையர் பள்ளிகளுக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் சமூக நலத்துறைக்கும், பள்ளிக் கல்வித்துறைக்கும், கூட்டுறவுத் துறைக்கும்:

மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நாங்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், ஆசிரியர்கள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் எங்களில் உண்டு. எல்.கே.ஜி. கட்டணத்தைக் கட்ட முடியாதவர்கள் ஒரு பக்கம். கட்ட முடிந்தும், பென்சில் பிடிக்கத் தெரியாத விரல்களை மணிக்கணக்கில் எழுத வைப்பது பொறுக்காதவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் கூடிக் கேட்கிறோம்: பெற்றோரே உறுப்பினராகவும் பொறுப்பாளராகவும் இருந்து நடத்தும் மழலையர் பள்ளிக்குச் சட்டத்தில் ஓர் இடம் கொடுங்கள்.

அப்படிப்பட்ட பள்ளி எப்படி நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அனுமதி கேட்டுப் போனால் “தாளாளர் யார்?” என்ற கேள்விக்கு அப்பால் பேச்சு நகர்வதில்லை. இங்கே தாளாளர் கிடையாது. இருபது குடும்பங்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற ஆசிரியை ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துகின்றன. அவருக்குத் துணையாகத் தினமும் இரண்டு பெற்றோர் முறைவைத்து வருவார்கள். கணக்குப் போட்டால் ஒரு குடும்பத்துக்கு மாதம் இரண்டு முறைநாள் வரும். வாடகை, சந்தா, சாமான் செலவு எல்லாம் பொதுக்குழுவில் முடிவாகும். நிர்வாகக் குழுவை ஆண்டுதோறும் பெற்றோரே தேர்ந்தெடுப்பார்கள். என்ன கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது என்பதில் மட்டும் ஆசிரியை சொல்வதே முடிவு.

முறைநாளில் வருகிறவர் காலை எட்டரைக்கே வந்துவிட வேண்டும். மணல்தொட்டியின் தார்ப்பாய் ராத்திரி விலகியிருந்தால் பூனை அசிங்கம் பண்ணியிருக்கிறதா என்று கிளறிப் பார்க்க வேண்டும். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், சுண்டலை ஆறவைக்க வேண்டும். பிறகு களிமண் பலகை அருகே உட்கார வேண்டும். அவருடைய சொந்தப் பிள்ளை அன்றைக்கென்று மடியை விட்டு இறங்காது. அதையும் சமாளித்துக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையின் கையைக் கடித்த இன்னொருவர் பிள்ளையை அடிக்காமல், மிரட்டாமல் பிரித்துவிடத் தெரிய வேண்டும். ‘நாலு பிள்ளை வளர்த்தவளுக்கு இது தெரியாதா’ என்பார்கள். தெரியாது. வீட்டில் நம் பிள்ளையிடம் பழகுவது வேறு, இருபது பிள்ளைகளுக்கு நடுவே பெரியவராக உட்காருவது வேறு.

இது எங்கள் கற்பனை அல்ல. 1916இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் இப்படித்தான் ஒன்றைத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில், 1941இல், நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ‘பிளேசென்டர்’ முளைத்தது. இன்றும் அங்கே பெற்றோர் பயிற்சி பெற்று நடத்துகிறார்கள், அரசு நிதி தருகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1997க்குப் பின் வளர்ந்த குழந்தைகள் மையங்களின் நிர்வாகக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பெற்றோர் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டுறவு என்பதும் நமக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது 1904இல். பாலுக்கும் கைத்தறிக்கும் பயிர்க்கடனுக்கும் சங்கம் வைத்த ஊர் இது.

ஆகவே, எங்கள் முதல் கோரிக்கை: 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் ‘பெற்றோர் கூட்டுறவு மழலையர் பள்ளி’ என்று தனி வகை ஒன்றை ஏற்படுத்தி, மாதிரி துணைவிதிகளை எளிய தமிழில் வெளியிட வேண்டும்.

இரண்டாவதுதான் எங்களுக்கு உயிர்நாடி. இத்தகைய பள்ளியில் பெரிய கட்டணம் பணம் அல்ல, நேரம். மாதச் சம்பளக்காரர் ஒருநாள் விடுப்புப் போட்டால் சம்பளம் குறையாது. சித்தாளுக்கு அன்றைய கூலி போய்விடும். இதைச் சரிசெய்யாவிட்டால் கூட்டுறவுப் பள்ளி வசதியானவர்களின் பொழுதுபோக்காக முடியும். சில இடங்களில் அப்படித்தான் முடிந்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. எனவே அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்த பெற்றோருக்கு, மாதம் இரண்டு முறைநாளுக்கும் குறைந்தபட்சக் கூலியை வாரியமே தர வேண்டும். தனியார் நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் சம்பளத்துடன் முறைநாள் விடுப்புத் தர வேண்டும். முறைநாளில் பாதி தகப்பனுடையது என்பதைத் துணைவிதியிலேயே எழுத வேண்டும். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு. மற்றபடி அப்பாக்களுக்கு ஆண்டுவிழாவில் நாற்காலி தூக்கும் வேலை மட்டும் என்ற ஏற்பாடு எங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது, ஆசிரியையின் சம்பளம். பெற்றோர் உதவுகிறார்கள் என்பதைக் காட்டி அதைக் குறைக்கக் கூடாது. அரசு மானியத்தின் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும். முறைநாள் பெற்றோருக்கான பயிற்சியை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் சனிக்கிழமைகளில் நடத்தலாம்.

நான்காவது, அங்கன்வாடி. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் வந்தது. எங்களில் பலர் பால்வாடிச் சத்துமாவில் வளர்ந்தவர்கள். கூட்டுறவுப் பள்ளி வருவதைச் சாக்காக வைத்து, மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் ஒன்றைக்கூட மூடக் கூடாது. ஆறு வயது நிறையும் வரை குழந்தைகளுக்குப் பராமரிப்பும் கல்வியும் தர அரசு முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45ஆவது கூறு சொல்கிறது. அந்தப் பொறுப்பை எங்கள் தலையில் இறக்கிவைக்க நாங்கள் வரவில்லை. அரசுப் பள்ளிகளில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். அதே உரிமையும், அதற்குரிய நிதி அதிகாரமும் அங்கன்வாடிப் பெற்றோருக்கும் வேண்டும்.

ஐந்தாவது கோரிக்கை எங்களுக்கே. நாலு குடும்பம் சேர்ந்தால் நாலும் ஒரே தெரு, ஒரே சாதி என்று ஆகிவிடுவது நம் ஊரில் சுலபம். ஆகவே சேர்க்கைக்கு நேர்காணலோ, டொனேஷனோ, சிபாரிசோ கூடாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். யார் சமைத்து வந்த சுண்டலையும் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடும். அதற்குச் சம்மதிக்காத குடும்பத்துக்கு உறுப்பினர் அட்டை இல்லை. இந்த விதியை மீறும் சங்கத்தின் பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தை அரசே வைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, இடம். மாணவர் குறைந்ததால் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறைகளைப் பெயரளவு வாடகைக்குத் தாருங்கள். பிள்ளைகளின் உயரத்துக்குக் குழாயும் கழிப்பறையும் நாங்களே அமைத்துக்கொள்கிறோம். வரவு செலவை மாதம் ஒருமுறை வாசற்பலகையில் ஒட்டுகிறோம். தணிக்கைக்கு எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். முறைநாள் ஒன்றில் வந்தால் இன்னும் நல்லது, டம்ளர் கழுவ ஆள் தேவைப்படும்.

இப்படிக்கு,
பள்ளி சேரும் வயதுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர்