சாவுக் கொட்டும் மகிழ்ச்சியும்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கிரிவலக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. கடைப் பையன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டான். பறையும் சட்டியும் கிதாரும் சேர்ந்து முழங்கின. எதிரே இருந்த பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

"கோயில் ஊரிலே என்னடா சாவுக் கொட்டு? நிறுத்து அதை!"

பையன் நிறுத்திவிட்டான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

அது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் பாட்டு. டைரக்டர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய அந்தக் குழு, 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் முதன்முதலாக மேடையேறியது. வடசென்னைக் கானாவை ராக் இசையோடு கலந்தது. 'தமிழ்ப் பாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் பெயர் எதற்கு?' என்று நானும் முணுமுணுத்தவன்தான். அது அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத் தமிழர்' என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் என்று அறிந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவர்களுடைய இசைத்தொகுப்பின் பெயர் 'மகிழ்ச்சி'. விஷயமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. தொல்காப்பியர் ஒவ்வொரு திணையின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்தார். நாமோ பிற்பாடு அதை இழவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். கல்யாணத்துக்கு நாயனம், பிணத்துக்குப் பறை என்று பங்கு பிரித்தோம். கானாவும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடி வளர்ந்த பாட்டுத்தான். பிறர் துக்கத்துக்கே அடித்துப் பிழைக்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்டவன், 'இன்று என் சந்தோஷத்துக்கு அடிக்கிறேன்' என்கிறான். இதைவிடப் பெரிய கலகம் என்ன இருக்கிறது?

'இது பிரசாரம், சங்கீதமல்ல' என்கிறார்கள் சிலர். 1979இல், இங்கிலாந்தில் 'நியூ வேவ்' என்ற புதிய அலை வீசிய காலத்தில், கவென்ட்ரி நகரத்து 'தி ஸ்பெஷல்ஸ்' குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் நின்று, ஜமைக்கா தாளத்தில் நிறவெறியைச் சாடினார்கள். அதைக் கலை என்று தலையாட்டுகிற நம்மவர்களுக்குச் சொந்த ஊர்ப் பறை மட்டும் பிரசாரமாகிவிடுகிறது!

'பாட்டுப் பாடினால் சாதி போய்விடுமா?' என்றும் கேட்கிறார்கள். போகாது, வாஸ்தவம். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. அதுவும் போலீஸ் காவலோடு. சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டமோ 1947இலேயே வந்துவிட்டது. எழுதிய சட்டம் அந்த வாசலுக்கு வந்துசேர 76 வருஷம்! அந்தக் கதவைத் திறந்தது சட்டமும் சர்க்காரும்தான், பாட்டு அல்ல. ஆனால் சட்டம் ஆளை உள்ளே விடும். பக்கத்தில் நிற்கிறவன் முகம் சுளிப்பதை அது என்ன செய்யும்? அந்தச் சுளிப்போடு நேருக்கு நேர் நின்று மோதுகிற காரியத்தை இந்தப் பாட்டுச் செய்கிறது. அதனால்தான் பெரியவருக்குக் காது வலித்தது.

அன்று டீக்கடையில் இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. பெரிய மனிதரோடு எதற்கு வம்பு என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாட்டை நிறுத்தியவர் அவர், நிறுத்தவிட்டவன் நான். அந்தப் பையனுக்கு நான் பட்ட கடனில் ஒரு பகுதிதான் இந்தக் கட்டுரை.