புட்டித் தண்ணீரும் வீட்டுக் குழாயும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. பண்டைத் தமிழரின் நீர் மேலாண்மை என்பது பொருள். ஏரி, மதகு, குமிழித் தூம்பு என்று நாள் முழுதும் பேசினோம். மேடையில் ஒவ்வொருவர் முன்பும் ஒரு தண்ணீர்ப் புட்டி இருந்தது. மாலையில் அரங்கைக் கூட்ட வந்த அம்மாள், பாதி குடித்து வைத்த புட்டிகளைக் கோணிப்பையில் சேர்த்தபடியே, "இதுல இருக்கற தண்ணிய என்ன சார் பண்றது?" என்று கேட்டார். செடிக்கு ஊற்றிவிடுங்கள் என்றேன். அன்று கட்டுரை வாசித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் சற்று வெட்கமாக இருந்தது.

நான் சென்னைவாசி. 2003-04 வறட்சியின்போது எங்கள் வீட்டுக்குள் முதல் 20 லிட்டர் கேன் வந்தது. பிறகு மழை வந்தது, வீராணத்துத் தண்ணீர் வந்தது, ஏரிகள் நிரம்பின. கேன் மட்டும் திரும்பிப் போகவில்லை. ஒருமுறை கேனின் அடியில் பாசி படிந்திருப்பதைக் கண்டு, கொண்டுவந்த பையனிடம் காட்டினேன். வேறொன்றை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த நீரை எங்கே எடுத்தார்கள், எப்படி நிரப்பினார்கள் என்று அவனுக்கும் தெரியாது. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. 2020 தொடக்கத்தில், உரிமமின்றி நிலத்தடி நீர் எடுத்த ஆலைகள் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் மூடப்பட்டபோது கேன் வரத்து தடைபட்டது. வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்தத் தண்ணீரை நாம் அழைக்கும் பெயரே பிழையானது. கடையில் 'மினரல் வாட்டர்' என்று கேட்கிறோம். இயற்கைக் கனிம நீருக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்த தர எண் 13428. நம் கைக்கு வரும் புட்டிகளில் பெரும்பாலானவற்றில் அச்சாகியிருப்பது 14543. பொதியப்பட்ட குடிநீர் என்பது மட்டுமே அதன் பொருள். ஏதோ ஓரிடத்து நீரை எடுத்து, வடிகட்டி, கிருமி நீக்கி அடைத்தது. அதாவது வீட்டு வடிகட்டி செய்கிற வேலையையே வேறொருவர், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்து தருகிறார்.

அவர் நம்மைவிட நன்றாகச் செய்வார் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை. 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், புட்டி நீரில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதை வெளியிட்ட பிறகே தர விதிகள் இறுக்கப்பட்டன. 2024 ஜனவரியில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அங்கே விற்கும் புட்டி நீரில் லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 நெகிழித் துகள்களைக் கணக்கிட்டது. பெரும்பாலானவை மீநுண் துகள்கள். உடலுக்கு அவை என்ன செய்யும் என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அதே ஆண்டு நவம்பரில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பொதியப்பட்ட குடிநீரை அதிக இடர்கொண்ட உணவுப் பட்டியலில் சேர்த்தது. தூய்மைக்கு மறுபெயர் என்று நாம் கருதிய பொருளின் நிலை இது.

வடிகட்டி விற்பவர்கள் மட்டும் உத்தமர்கள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த விற்பனையாளர் இரண்டு தம்ளர்களில் மின்கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இறக்கினார். குழாய் நீர் நொடிகளில் பழுப்பாகக் கலங்கியது. அவருடைய நீர் தெளிவாகவே இருந்தது. என் தாயார் திகைத்துப்போனார். பிறகு இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டேன். சிரித்தார். உப்பு கரைந்த நீரில் மின்சாரம் பாயும். கம்பியின் இரும்பு அரித்து நீரில் இறங்கும். அந்தப் பழுப்பு இரும்பினுடையது, அழுக்கினுடையது அன்று. உப்பு நீக்கிய நீரில் மின்சாரம் எளிதில் பாயாது, அவ்வளவுதான்.

எனவே வாங்குமுன் நீரைப் பரிசோதிப்பதே முறை. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. எங்கள் குழாய் நீரில் 380தான் இருந்தது. அதற்கு ஆர்.ஓ. கருவி தேவையில்லை. சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் தருவதற்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியேற்றுகிறது. 500க்குக் குறைந்த இடங்களில் அதைத் தடைசெய்ய வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதன் காரணம் இதுவே. உவர்நீர்ப் பகுதிகளில் அது இன்றியமையாதது. அங்கே வெளியேறும் நீரைத் தரை துடைக்கவாவது பிடித்து வைக்கலாம். எங்களுக்குக் கரிவடிகட்டியும் புற ஊதா விளக்கும் போதுமானவையாக இருந்தன. உண்மையான அழுக்கு வேறிடத்தில் இருந்தது. கீழ்த்தொட்டியைத் திறந்து பார்த்தபோது அதைக் கழுவி எத்தனை காலமாயிற்று என்று குடியிருப்பில் எவருக்கும் நினைவில்லை.

நீரை வீட்டிலேயே தெளியவைத்துக் குடிப்பது நமக்குப் புதிதன்று. கலங்கிய நீர் தேற்றாங்கொட்டையால் தெளிவதைக் கலித்தொகை உவமையாகவே ஆள்கிறது. கேட்பவருக்குப் பழகிய செயலாக இருந்தால்தானே உவமை எடுபடும்? என் பாட்டி செப்புக்குடத்தின் வாயில் வெள்ளைத்துணி கட்டித்தான் நீர் பிடிப்பார்.

இதைப் பணக்கணக்காக மட்டும் நான் பார்க்கவில்லை. அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஒன்று தோன்றும். அங்கே தண்ணீரில்லாத துயரம் தெருவுக்கே பொதுவானது. சண்டையும் உதவியும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. கேன் அந்தத் தெருவைக் கலைத்துவிட்டது. தண்ணீர் சரியில்லையென்றால் கடைக்காரரை மாற்றிக்கொள்கிறோம். குழாயைப் பற்றி யாரிடமும் முறையிடுவதில்லை. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் சுமந்து ரயில் வந்தது. அது பொதுக்குழாய்களுக்காக வந்த ரயில். குழாயை நம்பியிருப்பவர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தால்தான் அப்படியொரு ரயில் ஓடும்.

வடிகட்டியும் காசுள்ளவர்களின் தனித்தீர்வுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவருக்கு அது விடையாகாது. ஆனால் வடிகட்டி வைத்திருப்பவன் இன்னும் குழாயோடு கட்டுண்டவன். நீர் நாறினால் அவனுக்குத் தெரியும், வராவிட்டாலும் தெரியும். குடிநீர் வாரியத்திற்குச் சென்ற ஆண்டு மட்டும் இரண்டு முறை புகார் எழுதினேன். கேன் வாங்கிய காலத்தில் ஒருமுறைகூட எழுதியதில்லை. வசதியுள்ளவர்கள் குழாயைக் கைவிட்டால், அது வசதியற்றவர்களின் குழாயாகச் சுருங்கிப் பராமரிப்பாரின்றிப் போகும். நம் அரசுப் பள்ளிகளுக்கு நேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

பயணத்தில், வெள்ளக் காலத்தில் புட்டி தேவைப்படலாம். அன்றாடத்திற்கு அது வேண்டியதில்லை. அடுத்த கருத்தரங்க மேடையில் ஒரு கூஜாவும் தம்ளர்களும் வைக்கலாம் என்று துறைக்கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். விருந்தினர்கள் குறைவாக நினைப்பார்களோ என்று தலைவர் தயங்குகிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.